இசக்கியின் மூச்சு

மணி மூணேகால். நாலு மணிக்கு வார்டுக் கதவைத் திறந்து விடுவார்கள், என் வகுப்பு இசக்கிராஜ் வருவான், என் கட்டிலின் கால்மாட்டில் நின்று என் பலகுரல் அயிட்டத்தை எனக்கே செய்து காட்டுவான், நான் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். தலைக்கு மேலே பாட்டில் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இறங்க வேண்டுமாம், வேகமாக விட்டால் உடம்பெல்லாம் சிவந்து அரிக்குமாம், தெய்வக்கனி சிஸ்டர் குழாயில் இருக்கிற சக்கரத்தைத் திருகிவிட்டு, "தம்பி, இதுல கை வச்சே, கையை ஒடிச்சிப்புடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் 'புடுவேன்' வரும்போது அவளுக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். அவள் நாலு எட்டு வைப்பதற்குள் அதே மூக்கோடு நான் அதைத் திருப்பிச் சொன்னேன், எதிர்க் கட்டில்களில் மூன்று பேர் சிரித்தார்கள். மூன்று பேர் சிரிப்பதெல்லாம் ஒரு சிரிப்பா? போன வாரம் இதே குரலில், "பெட்டு எட்டு, எக்ஸ்ரேக்குக் கிளம்பு" என்று நான் சொன்னதும், எட்டாம் கட்டில்காரரின் மச்சினன் அவரை நாற்காலியில் வைத்து லிஃப்ட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டான், அப்போது மொத்த வார்டும் சிரித்தது. இப்போது அவ்வளவு நீளமான வாக்கியம் எனக்கு வராது. சின்ன வாக்கியமாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் ராமையா அண்ணாச்சி, லாரி டிரைவர், சர்க்கரை வியாதி, காலில் புண், மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டுக் குறட்டை விடுகிறார். உள்ளே இழுக்கும்போது ஒரு விசைப்படகு கிளம்புகிறது, வெளியே விடும்போது அது கரைக்கு வருகிறது. எவ்வளவு காற்று. அவ்வளவையும் அப்படியே வீணாக்குகிறார். அதில் ஒரே ஒரு மூச்சை என்னிடம் கொடுத்தால் ஏழு குரல் எடுப்பேன், ஏழாவது குரலில் அவருக்கு நன்றி சொல்லுவேன். துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது, ஊதிக்கொண்டே இருக்கிறது, நிறுத்தவே மாட்டேன் என்கிறது, அதற்கு விலா கிடையாது, விலாவில் ஊசி கிடையாது. தூங்குகிற மனுஷன் மேலும் கப்பல் மேலும் பொறாமைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டேன். பரவாயில்லை, அவர்கள் மேல் படுகிற பொறாமை சின்னது, வெள்ளோட்டம் மாதிரி. பெரியது நாலு மணிக்கு வருகிறது.

எல்லாம் ஒரு கட்டியால் வந்தது. பிறந்ததிலிருந்தே என் இதயத்தில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதனால் ஒன்றும் ஆகாது, ஓடலாம், ஆடலாம், பல்லு, புண்ணு, கட்டி இந்த மூன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். அம்மா என்னைச் செபமாலை சொல்வது போல இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தாள். பல்லு லிகோரி, புண்ணு லிகோரி, கட்டி லிகோரி. நான் அதையும் அவள் குரலிலேயே வகுப்பில் சொல்லிக் காட்டுவேன். போன மாதம் வலது முழங்காலில் ஒரு கட்டி வந்தது, சிவப்பாக, நடுவில் மஞ்சளாக, பார்க்க லட்சணமாக. அம்மாவிடம் காட்டவில்லை. அன்றைக்கு வகுப்பில் இசக்கி உயிரியல் டீச்சர் தும்முவதைச் செய்தான். நான் சொல்லிக் கொடுத்த தும்மல்தான், ஆனால் தும்முவதற்கு முன்னால் டீச்சர் ஒரு கையால் சேலைத் தலைப்பைத் தேடுவதை அவனாகச் சேர்த்துக்கொண்டான். வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. எனக்குக் கிடைக்காத சிரிப்பு. கைதட்டல் என்றாலாவது, மரியாதைக்குத் தட்டுகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம், சிரிப்பை அப்படித் தேற்ற முடியாது. உடனே எழுந்து மேசை மேல் ஏறி உட்கார்ந்தேன், பேண்ட்டைச் சுருட்டிவிட்டேன், பேனாவால் கட்டிக்கு மேலே இரண்டு கண் வரைந்தேன், கீழே ஒரு வாய் வரைந்தேன். முழங்காலை மடக்கினால் வாய் திறக்கும், நீட்டினால் மூடும். கட்டி எங்கள் பி.டி. சார் குரலில் பேசியது. "ஏல, லைன்ல நில்லு. எவம்ல அது சிரிக்கது? எனக்கு உள்ள சீழு கொதிக்கு, இவனுக்குச் சிரிப்பு வருது." பயல்கள் தரையில் உருண்டார்கள். ஆனாலும் டீச்சர் தும்மலுக்கு மேலே போக வேண்டும், கடைசியில் ஒரு வெடி வேண்டும், அதனால் "சார் ரிட்டயர்டு ஆவுதாரு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கட்டை விரலாலும் கட்டியை நசுக்கினேன். உள்ளே என்னமோ சுள்ளென்று தொடை வரைக்கும் போனது. வகுப்பு கூச்சல் போட்டது. இசக்கி என் தோளைக் கட்டிக்கொண்டு, "உன்னைய மிஞ்ச ஆளு கிடையாதுல" என்றான். அந்தச் சிரிப்பை நான் இப்போதும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இருபது நாள் கழித்துக் குளிர்காய்ச்சல், பிறகு நெஞ்சுவலி, பிறகு இந்தக் கட்டில். பர்வீன் டாக்டர் ஒரு பேப்பரின் பின்பக்கத்தில் படம் வரைந்து அம்மாவுக்குச் சொன்னார். இங்கே கதவு மாதிரி ஒரு வால்வு, கட்டியில் இருந்த கிருமி ரத்தத்தில் ஏறி வந்து இதில் ஒட்டிப் பாசி மாதிரி வளர்ந்திருக்கிறது, இதயம் அடிக்கிற அடியில் அது துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து போகிறது, அடுத்த வீடு நுரையீரல்தானே, அங்கே போய் அடைத்துக்கொள்கிறது, அடைத்த இடமெல்லாம் ஒரு சீழ்க்கட்டி. ஸ்கேனில் ஏழு இருந்தது. என் முட்டியில் ஒண்டியாகப் பேசிக்கொண்டிருந்த பி.டி. சார் இப்போது ஏழு பேராகி உள்ளே லைனில் நிற்கிறார். என் காற்றையெல்லாம் அவர்தான் இழுத்துக்கொள்கிறார்.

ஆறு வாரம் ஊசி. இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள், புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மாவட்டப் பலகுரல் போட்டி. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து என் பெயரைத்தான் கொடுத்திருந்தார்கள், இரண்டு வருஷமாக என் பெயர்தான். அயிட்டம் என்னுடையது. காலை எட்டரை மணி டவுன் பஸ், துறைமுகத்திலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும், நாலு நிமிஷத்தில் இருபத்து மூன்று குரல். கண்டக்டர், மீன் கூடை வைத்திருக்கிற அக்கா, அவள் கூடையை முகம் சுளித்துப் பார்க்கிற பேங்க் ஆபீசர், போனில் பொய் சொல்கிற காலேஜ் அண்ணன், கைக்குழந்தை, விசில், பிரேக். நடுவில் மூச்சு வாங்கினால் பஸ் நின்றுவிடும். பஸ் நிற்கக் கூடாது, அதுதான் அயிட்டம். அதை ஒரு வருஷமாகக் கட்டினேன், தினமும் அதே பஸ்ஸில் போய்க் கட்டினேன், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் போய்க் கட்டினேன். இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வருவான், அவ்வளவுதான் அவன் வேலை, பார்ப்பது. இப்போது என் இடத்துக்கு அவன் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். இசக்கிக்குக் குரலே கிடையாது. அவன் செய்கிற எல்லா ஆணும் ஒரே ஆண், எல்லாப் பெண்ணும் ஒரே பெண், குழந்தை அழுதால் கதவு திறக்கிற மாதிரி இருக்கும். ஆனால் மூச்சு இருக்கிறது. உப்பளத்தில் அவன் அப்பாவோடு லீவு நாளில் வரப்பு மிதித்து மிதித்து வந்த மூச்சு, நெஞ்சு பரந்து கிடக்கிறது, நாலு நிமிஷம் என்ன, பஸ்ஸைத் திருச்செந்தூர் வரைக்கும் ஓட்டுவான். எனக்குக் குரல், அவனுக்கு மூச்சு. கடவுள் பங்கு வைத்த லட்சணம். நேற்று அவன் வந்துவிட்டுப் போன பிறகு அம்மா சொன்னாள், "அந்தப் பய பண்ணுனதுல மீன்காரி நல்லாருந்துச்சு மக்கா, நம்ம ரெஜினா அக்கா மாரியே." நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ரெஜினா அக்காவைக் கண்டுபிடித்தது நான். அவள் சில்லறை எண்ணும்போது உதட்டுக்குள்ளே பேசுவாள் என்று கண்டுபிடித்தது நான். அம்மா சிரித்ததுகூடப் பரவாயில்லை, பத்து நாளாக அவள் எதற்கும் சிரிக்கவில்லை, இடுப்பில் முடிச்சுப் போட்ட மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், அவளை முதலில் சிரிக்க வைத்தவன் அவனாகிவிட்டான், என் அயிட்டத்தை வைத்து, என் கட்டில் பக்கத்திலேயே.

அதனால்தான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிடும்போது இடது விலாவில் புதிதாக ஒன்று குத்தியது. பழைய வலி வலது பக்கம், அது மழுங்கிப்போய் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது. இது வேறு. கொஞ்சம் கூடுதலாக மூச்சு இழுத்தால், யாரோ உள்ளேயிருந்து ஊசியை மெதுவாக வெளியே நீட்டுகிற மாதிரி. மத்தியானம் இருமினேன், உள்ளங்கையில் சளி, சளியில் சிவப்பு, நூல் மாதிரி. தலையணை உறையின் உள்பக்கம் துடைத்தேன். இதுவரைக்கும் நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் நூல் கொஞ்சம் தடிக்கிறது, அல்லது தடிக்கவில்லை, எனக்குத்தான் அப்படித் தெரிகிறது, அல்லது தடிக்கிறது. பர்வீன் டாக்டர் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார், புதுசா வலி, ரத்தம், மூச்சுமுட்டல் எது வந்தாலும் அந்த நிமிஷமே சொல்லணும், மருந்துக்கு அடங்காம மறுபடியும் பிய்ஞ்சு வருதுன்னு அர்த்தம், அப்படின்னா மதுரைக்கு அனுப்பி ஆபரேஷன் பண்ணணும், ஒளிச்சு வச்சா உயிருக்கே ஆபத்து. உயிருக்கே என்பதை அவர் மெதுவாகச் சொன்னார், அம்மாவுக்குக் கேட்காமல் இருக்க. ஆனால் இன்னொன்றும் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் காய்ச்சல், வலி ஒன்றும் இல்லாமல் இருந்தால், இரண்டு ஊசிக்கு நடுவில் மூணு மணி நேரம் போட்டிக்கு விடலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டுப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னார். எனக்கு அது போதும், நான் போய் நின்றால் இசக்கி ஒதுங்கித்தான் ஆக வேண்டும். தெர்மாமீட்டரை அக்குளில் இறுக்காமல் சட்டைக்கு நடுவில் வைத்துக்கொள்கிறேன். டாக்டர் குழாயை முதுகில் வைத்து மூச்சை இழு என்றால் ஊசி இருக்கிற இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறேன். பிறகு, "எப்படிப்பா இருக்கே?" என்று கேட்கும்போது லிகோரியின் குரலில் பதில் சொல்கிறேன். போன மாதத்து லிகோரி. அவன் எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியும், கடைசி எழுத்தை மேலே தூக்கி விடுவான், சிரிப்பை வாக்கியத்துக்கு முன்னாலேயே அனுப்பிவிடுவான். "சூப்பரா இருக்கேன் டாக்டர், ராமையா அண்ணாச்சி குறட்டைக்கு மட்டும் ஏதாச்சும் ஊசி இருக்கா?" டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போகிறார். இத்தனை குரல் எடுத்திருக்கிறேன், இதைவிடக் கஷ்டமான குரலை எடுத்ததில்லை. அவர் போனதும் அரை மணி நேரம் வியர்க்கிறது. புதன் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வியாழன் ஒரு நாள். வியாழன் என்பது இருபத்து நாலு மணி நேரம், ஒரு மணிக்கு எத்தனை மூச்சு, எண்ணக் கூடாது, எண்ணினால் அடுத்த மூச்சு வரத் தயங்குகிறது, பாசி மிதக்கிறது, கதவு திறக்கிறது, மூடுகிறது, ஒரு துணுக்கு ஆடுகிறது, பல் விழும்போது கடைசி நூலில் ஆடுமே அந்த மாதிரி, அது பிய்ந்துவிடுமா, இப்போதா, இசக்கி வரட்டும், இசக்கி மேடையில் ஏறுவதைப் படுத்துக்கொண்டு கேள்விப்படுவதைவிட அது பிய்ந்துபோனாலும் பரவாயில்லை என்று நினைக்கிறேன், உடனே பயந்துபோய், மாதாவே அது சும்மா சொன்னது என்கிறேன், மாதாவிடம்கூட யார் குரலில் சொன்னேன் என்று தெரியவில்லை.

வந்துவிட்டான். யூனிஃபார்மோடு, வியர்வையோடு, மாடிப்படி ஏறி வந்தும் இரைக்காமல். அம்மாவிடம் ஒரு பொட்டலம் மக்ரூனைக் கொடுத்தான். "ஏல லிகோரி, இன்னிக்கு ஃபுல்லா வந்துட்டு. இருபத்து மூணும் வந்துட்டு. பாக்கியா?" பண்ணு என்றேன். கட்டில் கம்பியைப் பஸ் கம்பியாகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். கண்டக்டர் சுமார். மீன்கார அக்கா, சரி, சில்லறையை உதட்டுக்குள் எண்ணினாள். பேங்க் ஆபீசர் மட்டம். குழந்தை கதவுதான். ஆனால் பஸ் நிற்கவில்லை. நாலு நிமிஷம், பாவி, ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, நான் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன், சட்டைப் பொத்தான் ஏறி இறங்குவதையே. ராமையா அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து கைதட்டினார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "எல்லாம் என்கிட்ட சுட்டது. நீயா ஒண்ணு பண்ணுல," என்றேன். "நானா என்னத்தப் பண்ண?" "என்னையப் பண்ணு." அவன் தலையைச் சொறிந்தான். "உன்னையா? வேண்டாம்ல." "வராதுன்னு சொல்லு." அது போதும் அவனுக்கு. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். இடது தோளைக் கொஞ்சம் இறக்கினான். இடது கையைச் சும்மா வைத்திருக்கிறவன் மாதிரி விலாவின் மேல் வைத்தான். சிரிப்பை முன்னால் அனுப்பினான், பிறகு, "சூப்பரா," ஒரு நிறுத்தம், மூக்குச் சிறகு மட்டும் விரிந்தது, "இருக்கேன்," இன்னொரு நிறுத்தம், உள்ளே எதையோ தாண்டிப் போகிற மாதிரி, "சிஸ்டர்." வார்டு சிரித்தது. சிரிப்பு பாதியில் கரைந்தது. அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். சிரிக்காதது தெய்வக்கனி சிஸ்டர் மட்டும், பாட்டிலைக் கழற்ற வந்தவள் கையில் தட்டோடு நின்றிருந்தாள். "தம்பி, அதைத் திரும்பப் பண்ணு," என்றாள். இசக்கிக்கு முகமெல்லாம் பல். பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். இன்னும் நன்றாகப் பண்ணினான். பேசி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு இருமலை விழுங்கினான், தலையணைப் பக்கம் திரும்பி எதையோ துடைத்தான். சிஸ்டர் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவன் இப்படியா மூச்சு விடுதான்? எப்போருந்து?" "நேத்து வந்தப்பவே இப்படித்தான் சிஸ்டர் இருந்தான். இன்னிக்குக் கூடுதலா இருக்கு. உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

சும்மா நடிக்கான் சிஸ்டர் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், போன மாதத்து லிகோரியைக் கூப்பிட்டேன், அவன் தொண்டை வரைக்கும் வந்தான். ஆனால் அறையில் இப்போது இரண்டு லிகோரி இருந்தார்கள், ஒருவனை நான் செய்கிறேன், ஒருவனை அவன் செய்கிறான், எது நல்ல லிகோரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எது உசத்தி என்பதில் பொறாமைக்காரனிடம் யாரும் பொய் சொல்ல முடியாது, அவனே அவனிடம் சொல்ல முடியாது. மூக்குச் சிறகு விரிவதை நான் கவனிக்கவில்லை. என் மூக்கு, எனக்கே தெரியவில்லை. ஒரு குரலும் வராத பயல், குரலைத் தொடாமலே உள்ளே போய் மொத்த ஆளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு வருஷமாக அவன் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். மேடை யாருக்கு, கீழே உட்கார்ந்து பார்க்கிற நாற்காலி யாருக்கு என்று யாரோ எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது, அது எனக்கு விலாவைவிட அதிகமாக வலித்தது. "இடது பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேருந்து. ரத்தமும் வருது, உறைக்குள்ள பாருங்க," என்றேன். அம்மா உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அதை மடித்து மடித்துச் சின்னதாக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். சிஸ்டர் விரலில் கிளிப்பை மாட்டினாள், ஆக்சிஜன் எண்பத்தெட்டுதான் என்றாள், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி பர்வீன் டாக்டரைக் கூப்பிட்டாள், மூக்கு அடைக்காமல். மாஸ்க்கை வைத்து ஆக்சிஜனைத் திறந்தார்கள். டாக்டர் ஓடி வந்து முதுகில் குழாயை வைத்தார், இந்தத் தடவை ஊசி இருக்கிற இடம் வரைக்கும் இழுத்தேன், கத்திவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. மதுரைக்கு போன் போடுங்க, ஆம்புலன்ஸ் இப்பவே கிளம்பணும் என்றார், பிறகு இசக்கியைப் பார்த்து, "நீ யாருப்பா?" என்றார். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான், கன்னமெல்லாம் நனைந்திருந்தது. டிராலியில் மாற்றும்போது கிட்டே வந்து, "நான் போகலல. வேற எவனாச்சும் போகட்டும்," என்றான். மாஸ்க்கை ஒரு கையால் தூக்கினேன். "போ. பஸ்ஸைப் பண்ணு," நிறுத்தம், "ஆனா இதை மட்டும்," நிறுத்தம், "மேடையில பண்ணாத. இது என்னோடது." சரி என்று தலையாட்டினான். டிராலி நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டேதான் நின்றான், ஆனால் அவன் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது, நான் எங்கெங்கே நிறுத்தினேனோ அங்கங்கே நிறுத்தி நிறுத்தி. படவா, அதையும் பிடித்துக்கொண்டிருந்தான்.